பெருமாளே திரும்பிப் படுத்தார்!

காஞ்சிபுரத்தில் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் கோவில் இருக்கிறது. அங்கே பள்ளிகொண்ட பெருமாள், மற்றத் தலங்களுக்கு மாறாகத் திரும்பிப் படுத்திருக்கிறார். திருமழிசை ஆழ்வார் ஊரை விட்டுப் போனபோது, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாராம். திரும்பி வந்ததும் மறுபக்கமாகப் படுத்தாராம். இது தல வரலாறு.

பெருமாள் தாமாகத் திரும்பிப் படுத்தார். பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர் என்ன செய்வார்? இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி என்ன செய்வார்? பிறர்தான் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

புண் வருவது எப்படி?

குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர், உட்கார்ந்த இடம் மரத்துப்போனால் சற்று அசைந்துகொள்வார். உணர்ச்சி இழந்த நோயாளிக்கு வலி தெரியாது. அசையவும் முடியாது. உள்ளே எலும்பு, வெளியே படுக்கை. நடுவில் சதை நசுங்குகிறது. அங்கே ரத்தம் ஓடுவதில்லை. சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்கிவிடும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவை ஆபத்தான இடங்கள்.

வழி காட்டியவர்கள்

இரண்டாம் உலகப் போரில் முதுகுத் தண்டு முறிந்த வீரர்கள் பலர் படுக்கைப் புண்ணாலேயே மாண்டார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவிலும் பகலிலும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். பலர் பிழைத்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் அவருடைய இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அவர் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1986-ல் மறைந்தார். நன்றாகப் பராமரித்தால், நடக்க முடியாதவரும் நாட்டுக்கு உழைக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

தலையணையே மருந்து

இதற்கு வீட்டுத் தலையணையும் உதவும். நோயாளியின் உடம்புக்கு ஏற்றபடி பெரிதும் சிறிதுமாக இலவம் பஞ்சில் தைத்துக்கொள்ளலாம்.

* முதுகுக்குப் பின்னால் ஒன்றை வைத்து, பாதி ஒருக்களித்தாற்போல் படுக்க வையுங்கள்.

* முழங்கால்கள் உரசாமல் நடுவில் ஒன்று.

* கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாக ஒன்று. குதிகால் படுக்கையில் படவே கூடாது.

நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம். அதன் விளிம்பு அழுத்தி, சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். காற்றுப் படுக்கை வாங்கினாலும் திருப்பிவிடுவதை நிறுத்தக் கூடாது.

திருப்பும்போது தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் ஆபத்து! கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அதன் மேல் படுக்க வைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

யார் பொறுப்பு?

பல வீடுகளில் இந்த வேலை முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. பகலெல்லாம் உழைத்தவள் இரவில் எத்தனை தடவை எழுந்திருப்பாள்? மகன் எழுந்திருக்கட்டும். பேரனும் ஒரு முறை எழுந்திருக்கட்டும். மணியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிகளும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு மட்டும் கொடுத்தால் போதாது. தலையணை வைக்கும் முறையையும் வீட்டாருக்குச் செய்து காட்ட வேண்டும்.

காஞ்சிபுரத்துக் கைகள் பட்டுச் சேலையில் ஒரு சுருக்கம் விழ விடுவதில்லை. வீட்டுப் பெரியவரின் படுக்கை விரிப்பிலும் சுருக்கம் விழாமல் அந்தக் கைகள் பார்த்துக்கொள்ளட்டும்!