ஐந்து நாட்களை விட்டுக்கொடுக்கலாமா?

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்று வீடு வாங்கும்போது, பல ஆண்டு உழைப்பின் சேமிப்பு முழுவதும் ஒரு கையெழுத்தில் அடங்கிவிடுகிறது. அக்கையெழுத்தின் பின்னரும் சற்று நின்று சிந்திக்கும் உரிமையை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் வழங்கியுள்ளது. ‘கூலிங் ஓஃப்’ எனப்படும் இந்த மறுசிந்தனைக் காலம், ஒப்பந்தப் பிரதிகள் பரிமாறப்பட்ட பின் ஐந்தாவது வேலை நாள் மாலை 5 மணி வரை நீடிக்கும். அதற்குள் எக்காரணமும் கூறாமல் வாங்குபவர் விலகலாம், விலையில் 0.25 வீதத்தை மட்டுமே இழப்பார். 10 இலட்சம் டொலர் வீட்டிற்கு அது 2,500 டொலர் ஆகும். ஏலத்தில் வாங்கும் வீட்டிற்கு இவ்வுரிமை இல்லை.

ஆனால் இவ்வுரிமையைத் துறப்பதற்கும் அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. வாங்குபவரின் சட்டத்தரணி 66டபிள்யூ எனப்படும் சான்றிதழில் ஒப்பமிட்டுக் கையளித்தால், ஒப்பந்தம் பரிமாறப்பட்டவுடனேயே வாங்குபவர் முழுமையாகக் கட்டுப்பட்டுவிடுகிறார். “வேறு இருவர் காத்திருக்கிறார்கள், சான்றிதழுடன் வந்தால் வீடு உங்களுக்கே” என்ற முகவரின் பேச்சில் பல குடும்பங்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

அதன் பின்னர் வங்கி கடனை மறுத்தால் நிலைமை என்ன? வழமையான முற்பணம் விலையில் 10 வீதம். 2,500 டொலருடன் முடிந்திருக்க வேண்டிய இழப்பு ஓர் இலட்சம் டொலராகிவிடும். விற்பவர் மேலதிக நட்டஈடு கோரி வழக்குத் தொடரவும் இடமுண்டு. வங்கியின் முன் அனுமதி இறுதி அனுமதி அன்று. மதிப்பீட்டாளர் வீட்டின் பெறுமதியைக் குறைத்துக் கணித்தால் கடன் தொகையும் குறையலாம். கறையான் அரித்த மரச்சட்டங்களும் அனுமதியின்றிக் கட்டப்பட்ட பின்புற அறையும் கையெழுத்திட்ட பின் தெரியவந்து பயனில்லை.

சான்றிதழ் கொடுக்காவிட்டால் வீட்டை வேறொருவர் தட்டிப் பறித்துவிடுவார் என்ற அச்சமும் உண்டு. பிரதிகள் பரிமாறப்படும் வரை அவ்வச்சம் நியாயமானதே. பரிமாறப்பட்ட பின்னரோ, மறுசிந்தனைக் காலத்திலும் விற்பவர் கட்டுப்பட்டவரே. விலகும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமே உரியது. எனவே இச்சான்றிதழ் பெரும்பாலும் காப்பது விற்பவரின் நிம்மதியையே.

இதில் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உள்ளது. கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது மானக்கேடு என்று பெற்றோர் எண்ணுகின்றனர். ஆங்கில ஒப்பந்தத்தை வாசித்து விளக்கும் பொறுப்போ பல வீடுகளில் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் தலையில் விழுகிறது. சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவது வாக்குத் தவறுவதாகாது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். மொழியறிவு சட்ட அறிவாகாது என்பதைப் பிள்ளைகளும் உணர வேண்டும். ஒப்பந்தத்தின் விளைவையும் சான்றிதழின் விளைவையும் வாங்குபவருக்கு விளக்குவது ஒப்பமிடும் சட்டத்தரணியின் கடமையாகும். அவர் விற்பவருக்காகச் செயற்படுபவராக இருத்தல் கூடாது. விளக்கம் புரியவில்லையெனில், தகுதிபெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருவதில் வெட்கமில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வேறு பாதையைத் தேர்ந்தது. 2023 சனவரி 3 முதல் அங்கு மூன்று வேலை நாட்கள் மறுசிந்தனைக் காலம் உண்டு; விலகினால் இழப்பு அங்கும் 0.25 வீதமே. ஆனால் அவ்வுரிமையை வாங்குபவர் விரும்பினாலும் துறக்க முடியாது. துறக்கக்கூடிய உரிமையைப் போட்டி மிகுந்த சந்தை துறக்கவே வைக்கும். நியூ சவுத் வேல்ஸும் இப்பாதையைப் பின்பற்றுதல் வேண்டும். வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தம் தொகுதி உறுப்பினர்களிடம் முன்வைக்கத்தக்க நியாயமான கோரிக்கை இது.

அதுவரை குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டிய நெறி எளியது. கடனுக்கான இறுதி அனுமதி, கட்டட மற்றும் கறையான் பரிசோதனை அறிக்கை, ஒப்பந்தம் பற்றிய சட்டத்தரணியின் ஆலோசனை ஆகிய மூன்றும் கைக்கு வந்திருந்தால் சான்றிதழ் கொடுப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஒன்று குறைந்தாலும் கொடுத்தல் ஆகாது. முற்றாகத் துறப்பதற்குப் பதிலாக நாட்களைக் குறைத்துப் பேசவும் சட்டம் இடமளிக்கிறது. அதற்கும் இணங்காத வீடு கைநழுவினால் நழுவட்டும். வீடு இன்னொன்று கிடைக்கும். இழந்த சேமிப்பை மீண்டும் தேட இன்னொரு இளமை கிடைக்காது.