அறுவடைக்கு முந்தைய இறால் சோதனை: நான்காம் முறையாகக் கோரிக்கை மனு

பெறுநர்: மீன்வளம், ஏற்றுமதித் தரம் ஆகியவற்றைக் கவனிக்கும் அதிகாரிகள்

நாகை, வேதாரண்யம் பக்கம் ஓரிரு ஏக்கரில் வன்னாமெய் இறால் வளர்ப்போரின் சங்கம் இது.

இதே கோரிக்கையை மூன்று முறை எழுதியாயிற்று. முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. இரண்டாவது, ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று வேறொரு மேசைக்குப் போனது. மூன்றாவது போன இடம் தெரியவில்லை. ஆகவே முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியப் பண்ணை இறால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது மாதிரி எடுக்கும் அளவு 2016-இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் தென்பட்டதே காரணம். அந்த மருந்துகளைக் குளத்தில் ஊற்றுகிறவருக்காக இச்சங்கம் ஒருநாளும் பரிந்து பேசாது. ஆனால் சுத்தமாக வளர்த்தவரும், ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டுமானால், அறுவடைக்கு முந்தைய சோதனைச் சான்று வரும்வரை வலை இறக்க முடியாது.

அந்தக் காத்திருப்பை அதிகாரிகள் ஒருமுறை கரையில் நின்று பார்க்க வேண்டும். இறால் 40 கவுண்ட்டுக்கு (கிலோவுக்கு 40) வந்துவிட்டது, மாதிரியும் போய்விட்டது, முடிவு மட்டும் வரவில்லை. தீனி நிறுத்த முடியாது. இரவெல்லாம் ஏரேட்டர் ஓட வேண்டும். விடியலில் செக் ட்ரேயைத் தூக்கி, ஓட்டில் வெண்புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார் விவசாயி. இருந்தால் சில நாட்களில் குளமே காலி. அந்தப் பயத்தில் சான்றுக்குக் காத்திராமல், வந்த விலைக்கு உள்ளூர் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்.

இந்தத் தாமதம் தீர அருகிலேயே சோதனைக் கூடம் வேண்டும்; அதன் செலவுக்கு உதவி கேட்க விதி இருக்கிறது. 1995 முதல் நடப்பிலுள்ள உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவரநல ஒப்பந்தம், பிரிவு 9(2): இறக்குமதி நாட்டின் நிபந்தனையை நிறைவேற்ற வளரும் நாட்டுக்குப் பெரும் முதலீடு தேவைப்பட்டால், தொழில்நுட்ப உதவி தருவதை இறக்குமதி நாடு பரிசீலிக்க வேண்டும். பரிசீலிக்க யாராவது முதலில் கேட்க வேண்டுமே! இப்பிரிவைச் சுட்டி ஐரோப்பாவிடம் உதவி கேட்கப்பட்டதா? மூன்று மனுக்களிலும் இருந்த கேள்வி இதுதான். 1997-இல் வங்கதேச இறாலுக்கு ஐரோப்பா தடை விதித்தபோது, பதப்படுத்தும் ஆலைகளைச் சீர்செய்யும் செலவில் பெரும்பங்கு அந்நாட்டின் தலையிலேயே விழுந்தது. அந்த நிலை இங்கும் வரக் கூடாது.

எனவே அப்பிரிவின்படி உதவி கோரி, குளங்களுக்கு அருகிலேயே கூடுதல் சோதனைக் கூடம் அமைக்க வேண்டும். மாதிரி எடுத்த மூன்றாம் நாளுக்குள் முடிவு தர வேண்டும். தாமதமானால் அந்நாட்களின் தீனிச் செலவை ஈடுசெய்ய வேண்டும்.

மேலும், தடை மருந்துப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு வழங்கவும் கோரப்படுகிறது.

இம்மனுவுக்கு, பிரிவு 9(2) பற்றிய பதிலோடு, 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் விடை வேண்டும்.

செயலாளர்