‘போதும்’ என்ற சொல்

ஆண் பெண் அந்தரங்கத்தைப் பற்றி எழுதினால் நம் ஊரில் இரண்டு வகைக் கோபம் வரும். படிக்காமலே வருவது ஒன்று. படித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது இன்னொரு முறையும் படித்துவிட்டு வருவது மற்றொன்று. இரண்டையும் எதிர்பார்த்தே இதை எழுதுகிறேன்.

பி.டி.எஸ்.எம். என்று நான்கு ஆங்கில எழுத்துக்களால் வழங்குகிற ஒரு விவகாரம் இருக்கிறது. வயது வந்த இருவர், ஒருவர் ஆள்வதாகவும் மற்றவர் அடங்குவதாகவும் பேசிவைத்துக்கொண்டு தங்கள் தனிமையில் ஆடுகிற ஆட்டம் அது. கட்டுவதும் கட்டளையிடுவதும், வலியைத் தருவதும் அதைக் கேட்டுப் பெறுவதும் அதில் அடக்கம். பெயரைக் கேட்டதுமே “மேல்நாட்டு வக்கிரம்!” என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள் நம் கனவான்கள்.

மேல்நாடாம்! நகக்குறிக்கு ஓர் அத்தியாயம், பற்குறிக்கு ஓர் அத்தியாயம், அடிப்பதற்கு ஓர் அத்தியாயம் என்று காமசூத்திரத்தில் வகுத்துவைத்த வாத்ஸ்யாயனர் எந்த மேல்நாட்டுக்காரர்? அபாயகரமான சில அடிகளைத் தென்னாட்டார் வழக்கம் என்று சொல்லி, அவை ஆகாதென்று கண்டிக்கவும் செய்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்கள் யார் யார்? சித்ரசேனை என்ற கணிகையை அப்படி ஓர் அடியில் கொன்றுவிட்ட சோழ ராஜா. ஒரு நாட்டியக்காரியின் கண்ணைக் குருடாக்கிய பாண்டியனின் சேனாபதி! இந்தச் சரக்கு நமக்குக் கப்பலில் வந்து இறங்கியதல்ல, ஐயா.

சித்ரசேனை ‘போதும்’ என்று சொன்னாளா? தெரியாது. சொல்லியிருந்தாலும், ஒரு ராஜாவின் முன்னால் ஒரு கணிகையின் ‘போதும்’ என்ன விலை போயிருக்கும்? நான் கேட்க வந்த கேள்வி இந்த ஒன்றுதான்.

1890-இல் கிராஃப்ட்-எபிங் என்ற மனநோய் வைத்தியர், வலியிலும் அடிமைத்தனத்திலும் இன்பம் காண்பதற்கு மசோகிசம் என்று பெயர் சூட்டினார். ஸாகர்-மஸோக் என்ற நாவலாசிரியர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரை எடுத்து வியாதிக்கு வைத்துவிட்டார்! அந்த மஸோக் 1869-இல் ஒரு சீமாட்டிக்கு ஆறு மாத காலம் அடிமையாயிருக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டவர். அந்த ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். தினம் ஆறு மணி நேரம் அவருடைய சொந்த வேலைக்கு விட வேண்டும். அவருடைய கடிதங்களையும் எழுத்துக்களையும் அவள் பார்க்கக் கூடாது. அடிமை போட்ட நிபந்தனைகள் இவை! நம் வீடுகளில் எத்தனை மனைவிமார்களுக்குத் தினம் ஆறு மணி நேரம் சொந்தமாக இருக்கிறது?

இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி இதுதான். எது சம்மதம், எது சம்மதமில்லை என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இருவரும் நிதானத்தில் இருக்க வேண்டும்; குடித்தவன் தந்த சம்மதம் சம்மதமாகாது. நிறுத்துவதற்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். அது வாயிலிருந்து விழுந்த கணமே எல்லாம் நின்றுவிட வேண்டும். கட்டப்பட்டவரைத் தனியே விட்டுப் போகலாகாது. கழுத்தை நெரிப்பதில் பத்திரமான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. அது உயிரோடு ஆடுவது. முடிந்தபின் ஒருவரையொருவர் ஆற்றித் தேற்ற வேண்டும். நேற்றுச் சொன்ன ‘சரி’ இன்றைக்குச் செல்லாது.

2022-இல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. மனமொத்த இருவரின் ஆட்டம், அவர்களுக்குக் கடும் மனவேதனையோ, காயத்துக்கோ மரணத்துக்கோ இட்டுச்செல்லும் பெரும் அபாயமோ தராதவரை, நோயல்ல; சம்மதியாதவரை வதைக்கத் துடிப்பதுதான் நோய்.

இதை வக்கிரம் என்கிறவர்களின் வீட்டு யோக்கியதையையும் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஏதாவதொரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 45 பேர். ஆண்கள் 44 பேர். அந்த அடிக்கு முன்னால் பேச்சுண்டா? நிறுத்தச் சொல்ல ஒரு சொல்லுண்டா? 2024-இல் அமலுக்கு வந்த நம் புதிய தண்டனைச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தமாகப் புணர்வதைக் கற்பழிப்புக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. கேட்டுவிட்டுக் கட்டுகிறவன் வக்கிரன். கேளாமல் அடிக்கிறவன் குடும்பஸ்தன்! இது என்ன தர்மம்?

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. பெண்ணை அடித்து நொறுக்கிவிட்டு, “அவளே விரும்பினாள்” என்று இந்த நான்கு எழுத்துக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற நாகரிக மிருகங்களும் உண்டு. பலத்த காயமோ மரணமோ விளைந்த பின், இன்பத்துக்காகச் சம்மதித்தாள் என்பது எதிர்வாதமாகாது என்று இங்கிலாந்து 2021-இல் சட்டத்திலேயே எழுதிவைத்தது இவர்களுக்காகத்தான். சம்மதம் என்பது குற்றவாளி பிறகு காட்டும் ரசீதல்ல. எந்தக் கணமும் திரும்பப் பெறக்கூடிய உரிமை அது.

எல்லாரும் கயிறும் சாட்டையும் வாங்குங்கள் என்று நான் உபதேசிக்கவில்லை. விருப்பமில்லாதவர்கள் விலகியே இருங்கள். அதுவும் சம்மதத்தின் பாற்பட்டதே. ஆனால் கயிறு இல்லாத, சாட்டை இல்லாத, மங்கலகரமான உங்கள் படுக்கையறையில் ஒரு பெண் ‘போதும்’ என்று சொன்னால் அது நிற்கிறதா? நிற்குமானால் மற்றவர் வீட்டுக் கதவை எட்டிப் பார்க்கும் அவசியம் உங்களுக்கு வராது. நிற்காதென்றால், வக்கிரம் எங்கே குடியிருக்கிறது என்று தேட அந்த வாசற்படியைத் தாண்ட வேண்டியதேயில்லை.