மோட்டார் சைக்கிளில் ஒரு வழிகாட்டி

வாலிபப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வேண்டுகோள் எழுந்து வருகிறது. மோட்டார் சைக்கிள் வாங்கித் தாருங்கள் என்று கேட்டது ஒரு காலம். வண்டி வந்துவிட்ட வீடுகளில் இப்போது அதன் ஹேண்டில்பாரில் பொருத்துவதற்கு 'ஜி.பி.எஸ்.' கருவி வேண்டுமென்று கேட்கின்றனர். வாப்பாவுக்கு அதன் விலை மட்டுமே கண்ணில் படுகிறது. உம்மாவுக்கோ, மகன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்பதை அக்கருவி வீட்டுக்குத் தெரிவிக்குமென்றால் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம்.

அவ்வெண்ணத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நன்று. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி, தான் இருக்கும் இடத்தைத் தானாக எவருக்கும் அறிவிப்பதில்லை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவுக்குச் சொந்தமான முப்பது அளவிலான செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. அவை ஒவ்வொன்றும் தான் இருக்குமிடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக் கொண்டிருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி வானொலிப் பெட்டியைப் போல அவற்றைக் கேட்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் குரலாவது தெளிவாகக் கிடைத்துவிட்டால், ஒவ்வொன்றின் அலையும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்குமிடத்தை அறிந்துகொள்கிறது. கேட்பவர் யார் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. பிள்ளை இருக்குமிடம் வீட்டுக்குத் தெரிய வேண்டுமானால், அதற்கு சிம் அட்டை பொருத்திய வேறு வகைக் கருவி உண்டு. அல்லது கைபேசியிலேயே இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைச் செலவழித்துவிடலாகாது.

கடலோடிய நம் முன்னோர் விண்மீன்களைப் பார்த்துத் திசையறிந்தனர். இன்று மனிதன் தானே சில விண்மீன்களைச் செய்து வானில் ஏற்றிவிட்டான். இராணுவத்திற்காகவே முதலில் உருவான இவ்வேற்பாடு பொதுமக்கள் கைக்கு வந்ததன் பின்னே ஒரு துயரம் உண்டு. 1983 செப்டம்பர் 1ஆம் நாள் வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதையடுத்தே, ஜி.பி.எஸ். முழுமை பெறும்போது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்படித் திறந்த பின்னரும், பொதுமக்களுக்குரிய அலைவரிசையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. நூறு மீட்டர் வரை தடுமாறிய கணக்கு சில மீட்டருக்குள் வந்தது. ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியனவும் இன்று உள்ளன. இந்தியாவின் நாவிக் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1ஆம் நாள் ஏவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைக் கேட்கும் கருவி, உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலும் மலைச்சரிவுகளிலும் குறைவாகவே தடுமாறும். வாங்கும்போது இதைக் கேட்டறிதல் வேண்டும்.

இனி, யாருக்கு இது தேவை? வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் பிள்ளைக்குத் தனிக்கருவி தேவையில்லை என்பதே என் கருத்து. கைபேசியில் உள்ள வரைபடமே அவருக்குப் போதும். தவணை முறையில் கடன்பட்டு வாங்க வேண்டிய பொருளன்று இது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர், மலைப்பாதைகளில் பல நாள் பயணம் செய்வோர், நாள் முழுதும் இருசக்கர வாகனத்திலேயே உழைப்போர் ஆகியோரின் நிலை வேறு. கைபேசி மோட்டார் சைக்கிளுக்காகச் செய்யப்பட்ட பொருளன்று. ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்கு மேற்படாத இடத்தில் பயன்படுத்துமாறு அதன் நிறுவனமே சொல்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் வளைகுடாவின் கோடையிலும் அது திரையை மங்கலாக்கிக்கொள்வதும் தானே அணைந்துவிடுவதும் இதனால்தான். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கைபேசியின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்றும் 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரைப் பயன்படுத்தினால் இத்தொல்லை குறையும். சாதாரண ஹோல்டரில் மாட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கேமராவைக் குறைசொல்வோர் பலர்.

தனிக்கருவிகளில் கார்மின் நிறுவனத்தின் 'ஸுமோ' வரிசையும், டாம்டாம் நிறுவனத்தின் 'ரைடர்' வரிசையும் பெயர் பெற்றவை. 2020இல் வந்த ஸுமோ எக்ஸ்.டி. ஐந்தரை அங்குலத் திரையுடையது. 2023இல் வந்த எக்ஸ்.டி.2 ஆறு அங்குலம். கையுறை அணிந்த விரலாலும் இயக்கலாம், மழையில் நனையலாம், நண்பகல் வெயிலிலும் திரை தெரியும். வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பதால் தொலைபேசிக் கோபுரம் இல்லாத காட்டுப் பாதையிலும் வழி காட்டும். எக்ஸ்.டி.2 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 600 டாலர். சிக்கனமான வழியும் உண்டு. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வண்டியுடன் 'ட்ரிப்பர்' என்னும் சிறு வட்டத் திரையை அறிமுகப்படுத்தியது. அது கைபேசியிடமிருந்து செய்தி பெற்று, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அம்புக்குறியால் மட்டும் காட்டும். கைபேசி சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். கண்ணுக்கு வேலை குறைவு என்பதால் இவ்வகை எனக்குப் பெரிதும் உகந்ததாகத் தோன்றுகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கருவி வாங்கிவரச் சொல்வது நம்மிடையே வழக்கம். அங்கு விற்கும் கருவியில் அந்நாட்டு வரைபடம்தான் இருக்கும். நம் நாட்டு வரைபடம் அதில் உண்டா, இல்லையெனில் தனியே கிடைக்குமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்யாவிடில் அது வெறும் கடிகாரமாகவே பயன்படும். பழைய கருவியாயின் கடிகாரமாகவும் பயன்படாமல் போகலாம்! ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணி, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 6ஆம் நாளிரவு அவ்வாறு எண்ணிக்கை திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில ஏறத்தாழ இருபதாண்டு முந்திய தேதியைக் காட்டத் தொடங்கின. ஆகவே, பழைய பொருளாக வாங்குவோர் திறந்த வெளியில் கருவியை இயக்கித் தேதியைப் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகின்றனர். வண்டியின் பாட்டரி 12 வோல்ட். கருவிகளில் பல 5 வோல்ட் கேட்பவை. இடையே அதற்குரிய மாற்றி இல்லாமல் நேரே இணைத்தால் கருவி கருகிவிடும். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருத்தல் வேண்டும். அஃதில்லாத வயர் எங்கேனும் உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் தீப்பிடிக்க இடமுண்டு. சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் செல்லுமாறு இணைப்பதும் முக்கியம். சிறிய வண்டியின் பாட்டரி 4 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். கருவியும் அதன் சார்ஜரும் ஒரு ஆம்பியர் இழுத்தால், அணைக்க மறந்த நான்கு மணி நேரத்தில் பாட்டரி வறண்டுவிடும். புது வண்டியாக இருப்பின், வெளியாரைக் கொண்டு வயரை அறுத்து ஒட்டினால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். சர்வீஸ் நிலையத்தாரைக் கேட்டுச் செய்வதே முறை.

கருவி அமையும் இடம் ஸ்பீடோமீட்டரை மறைக்கலாகாது. பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்தால் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டியிருக்கும். ஹேண்டில்பாரின் நடுவில், சாலையைப் பார்க்கும் பார்வைக்குச் சற்றே கீழே இருந்தால் போதும். பொருத்தியபின் ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். வயர் இழுபடுகிறதா, கிளட்ச் கேபிளிலோ பிரேக் குழாயிலோ சிக்குகிறதா என்பது அப்போது தெரியும். நின்ற வண்டியில் இரண்டு நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் மலைப்பாதை வளைவில் செய்து பார்க்கலாகாதல்லவா? எளிதில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளத்தக்க பிடிப்பாக இருப்பதும் நல்லது. தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே செல்பவர், மனம் முழுதும் வெளியே இருக்கத் தேவையில்லை.

கருவியை முதன்முதலாக இயக்கும்போது வீட்டுக்குள் வைத்துக்கொண்டு 'வேலை செய்யவில்லை' என்று கடைக்காரரிடம் ஓடுவோர் உண்டு. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கைபேசி அதை இணையத்தின் வழியே விரைவில் பெற்றுக்கொள்கிறது. தனிக்கருவிக்குச் சிறிது பொறுமை வேண்டும். மொட்டைமாடியிலோ முற்றத்திலோ கால் மணி நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும். அதற்கு முன்பே வை-ஃபை மூலமோ கணினி மூலமோ வரைபடத்தைப் புதுப்பித்துவிடுதல் நலம்.

அடுத்து அமைப்புகள். வாகனம் எது என்று கேட்குமிடத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்றே குறிக்க வேண்டும். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே இருசக்கர வாகனப் பிரிவைக் கொண்டுவந்தது. ஆயினும் காருக்குரிய வழியிலேயே பைக்கை ஓட்டிச் செல்வோர் இன்றும் மிகுதி. அதனால் என்ன என்று கேட்கலாம். பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. பக்கத்திலுள்ள சர்வீஸ் சாலையில்தான் செல்ல வேண்டும். மும்பை - புனே விரைவுச்சாலையிலும் தடை உண்டு. காருக்குரிய வழி நேரே அங்கு கொண்டுபோய் நிறுத்தும். அபராதத்தைச் செலுத்த வேண்டியவர் வண்டி ஓட்டியவரே. 'குறுகிய வழி', 'விரைவான வழி' என்று இரண்டு கேட்கப்பட்டால் குறுகியதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அரை கிலோமீட்டர் மிச்சப்படுத்துவதற்காக அது வரப்பு வழியாகவும் கூட்டிச் செல்லும். மண் சாலைகளைத் தவிர்க்கும் ஏற்பாட்டையும் இயக்கி வைக்கலாம். சென்னைக் கத்திப்பாரா போன்ற மேம்பாலங்களில், வண்டி மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்று கருவி மயங்குவது உண்டு. அங்கே சாலையோரப் பலகையே சான்று.

இதைவிடப் பெரிய மயக்கமும் உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தின் மீது வரைபடத்தை நம்பிச் சென்ற கார் ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். 2023 அக்டோபர் 1ஆம் நாள் நள்ளிரவில் கேரளத்தின் கோதுருத்தில், பெருமழையில் வழி தெரியாமல் வரைபடத்தைப் பின்பற்றியதாகச் சொல்லப்பட்ட கார் பெரியாற்றில் பாய்ந்து இரு இளம் மருத்துவர்கள் மாண்டனர். செயற்கைக்கோள் தந்த இடக்கணக்கு சரியாகவே இருந்தாலும், பாலம் உடைந்ததையும் ஆறு பெருகியதையும் அது சொல்லாது. யாரோ ஒருவர் வரைபடத்தில் திருத்தினால்தான் உண்டு. நான்கு சக்கரமும் கூரையும் உள்ளவர்களுக்கே இந்நிலையென்றால், இருசக்கரத்தில் செல்பவர் இருட்டிலும் மழையிலும் அறியாத கிளைச்சாலைக்குள் அம்புக்குறி அழைத்தவுடன் நுழையலாகாது. தேநீர்க் கடையில் நிறுத்தி, 'அண்ணே, இந்த வழி போகுமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில் இழிவொன்றுமில்லை.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திரையைப் பார்க்கும் இரண்டு நொடிகளில் 33 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓடும் வண்டியில் ஊர்ப்பெயரைத் தட்டிக்கொண்டு போவது எத்தகையது என்பதை இக்கணக்கே சொல்லும். செல்லும் இடத்தைப் புறப்படுமுன்பே பதிந்து, ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் சிறு ஒலிபெருக்கியில் குரலைக் கேட்டுக்கொண்டு செல்வதே உத்தமம். கூகுள் மேப்ஸில் தமிழ்க்குரலும் உண்டு. இரு காதுகளையும் அடைக்கும் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்க வேண்டுமல்லவா? வாகனம் ஓட்டும்போது கைபேசி போன்ற கருவிகளை வழியறிவதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்பதே 2020 அக்டோபர் 1 முதல் நம் நாட்டு மோட்டார் வாகன விதி.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் ஒரு பங்குண்டு. 'எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?' என்று பத்து நிமிடத்திற்கொரு முறை அழைத்தால், அந்த அழைப்பு அதே திரையில்தான் வந்து வழியை மறைக்கிறது. புறப்படும்போதே கைபேசியில் இருப்பிடத்தைப் பகிரச் செய்துவிட்டால் உம்மா அடுக்களையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மகனும் நிம்மதியாக ஓட்டலாம்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின் முதல் பயணத்தை அறியாத ஊருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு தடவை போய்வந்த மாமா வீட்டுக்கோ, பக்கத்து ஊருக்கோ கருவியைக் கேட்டபடியே ஒரு முறை செல்லச் சொல்லுங்கள். திருப்பத்தை எத்தனை மீட்டர் முன்னே சொல்கிறது, எந்தச் சந்தில் தடுமாறுகிறது, குரல் காற்றில் கேட்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா, மேடுபள்ளத்தில் பிடிப்பு தளர்கிறதா என்பனவெல்லாம் வழி தெரிந்தவருக்குத்தான் நன்கு விளங்கும். திரும்பி வந்ததும் திருகுகளை ஒரு முறை இறுக்கிவிட்டால் நெடும்பயணத்திற்கு வண்டி தயார்.