95 டாலர் வாக்குறுதி, 77 டாலர் விலை: ஆக்டிவிஷன் பங்கை வாங்கியிருக்கலாமா?

ஆக்டிவிஷன் பிளிஸார்டு என்ற வீடியோ கேம் நிறுவனத்தைப் பங்கு ஒன்றுக்கு 95 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரி 18 அன்று அறிவித்தது. மொத்த மதிப்பு 6,870 கோடி டாலர். 2023 மே மாதத்தோடு பதினாறு மாதங்கள் ஓடியும் பேரம் முடியவில்லை. 2023 ஏப்ரல் 26 அன்று பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதற்குத் தடை போட்டது. 87 டாலர் அருகே இருந்த ஆக்டிவிஷன் பங்கு, அன்று ஒரே நாளில் 11 சதவீதத்துக்கும் மேல் சரிந்து 77 டாலருக்கு வந்தது.

கைப்பேசிச் செயலி வழியே அமெரிக்கப் பங்குகள் வாங்கும் வளைகுடாவாழ் சகோதரர்கள் சிலர் அப்போது கேட்ட கேள்வி இதுதான்: 77க்கு வாங்கினால் 95 கிடைக்குமே, 18 டாலர் லாபம்தானே?

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். அறிவிப்புக்கு முன் அந்தப் பங்கின் விலை சுமார் 65 டாலர். பேரம் முறிந்தால் விலை அங்கேயே திரும்பும் என்று வைத்துக்கொண்டால், 12 டாலர் இழக்கும் அபாயத்தில் 18 டாலர் தேடுகிறோம். அதாவது பேரம் நிறைவேற பத்தில் நான்கு வாய்ப்புதான் என்று அப்போது சந்தை எடைபோட்டது. பேரம் தடைபட்டால் மைக்ரோசாஃப்ட் கொடுக்க வேண்டிய 300 கோடி டாலர் இழப்பீடு இருந்ததே என்பார்கள். அது நிறுவனத்தின் கணக்குக்குப் போகவிருந்த பணம். பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கு 4 டாலர்கூடத் தேறாது.

வாரன் பஃபெட்டே வாங்கினாரே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆக்டிவிஷனில் சுமார் 9.5 சதவீதம் தம் நிறுவனம் வசம் இருப்பதாக 2022 ஏப்ரலில் அவர் சொன்னார். பேரம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். சவுதியின் பொது முதலீட்டு நிதியத்திடமும் 3 கோடிக்கு மேற்பட்ட பங்குகள் இருந்தன. இவர்களுக்குத் தோற்றாலும் தாங்கும் பணம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவரின் நிலை வேறு.

பங்கு வாங்குவது கூடும் என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள், அதை ஒரு வியாபாரத்தில் கூட்டுச் சேர்வதாகப் பார்க்கிறார்கள். இங்கே வாங்கியவருக்கு அந்த வியாபாரத்தில் அக்கறையே இருக்கவில்லை. லண்டனிலும் வாஷிங்டனிலும் அதிகாரிகள் என்ன முடிவெடுப்பார்கள் என்பதன் மீதுதான் அவர் பணம் வைத்தார். இதை அப்படியே சூதாட்டம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முஃப்திகள் அல்லர். ஆனால் கூட்டு வியாபாரத்தைவிட கரருக்கு, அதாவது நிச்சயமின்மையை விற்று வாங்குவதற்கு, இது நெருக்கமாக இருப்பதாகவே நமக்குப் படுகிறது. தெரிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

அந்த வியாபாரம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் இந்நிறுவனத்தின் 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டு ஒன்றில் குர்ஆனின் பக்கங்கள் தரையில் கிடப்பதாகக் காட்டப்பட்டு, முஸ்லிம்களின் எதிர்ப்புக்குப் பின் அவை நீக்கப்பட்டன. நிறுவனம் மன்னிப்பும் கேட்டது.

பேரத்தின் நிலை அப்போது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. சவுதியின் போட்டி ஆணையம் 2022 ஆகஸ்டிலேயே அனுமதித்துவிட்டது. 2023 மே 15 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. அமெரிக்க வர்த்தக ஆணையமோ 2022 டிசம்பரிலேயே எதிர்த்து வழக்குத் தொடுத்துவிட்டது. இணையம் வழியே விளையாடும் கிளவுட் கேமிங் சந்தை ஒரே கைக்குப் போய்விடும் என்பது பிரிட்டனின் கவலையாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் அங்கே மேல்முறையீட்டுக்குப் போனது. ஒப்பந்தத்தின் கெடு 2023 ஜூலை 18 ஆக இருந்தது. இரு தரப்பும் விரும்பினால் அதை நீட்டிக்க வழி இருந்தது. அப்படி நீட்டித்தால், 18 டாலருக்காகக் காத்திருந்தவரின் பணம் மேலும் சில மாதங்கள் முடங்கிக் கிடக்க வேண்டியிருந்தது.