நீண்டநாள் நோயாளிக்கு நேரம் ஒதுக்குங்கள்

மாரடைப்பு வந்தால் 108 வண்டி வாசலுக்கு வருகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் ஏற்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. உயிர் போகும் நேரத்தில் ஓடிவரும் ஒரு மருத்துவ அமைப்பைத் தமிழ்நாடு பல ஆண்டு உழைப்பில் கட்டியிருக்கிறது. அதே மாநிலத்தில், ஒரே நோயோடு இருபது முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர்கள் மருத்துவர் முன்னால் தங்கள் கதையை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். இது மருத்துவர்களின் குணத்தைப் பற்றிய புகார் மட்டுமில்லை. அரசு தலையிட்டுச் சரிசெய்ய வேண்டிய குறை என்பதே நம் நிலைப்பாடு.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியாது, பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் போன பிறகு இறுக்கம் மெல்லத் தளரும். பத்து மணிக்கு அவரைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். “காலையில் மட்டும் வருகிற வலியா?” என்று வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள். இதே வகை நோயான லூபஸ் வந்தவரின் பாடு இதைவிடக் கடினம். இன்று மூட்டு வலி, அடுத்த வாரம் வாய்ப்புண், பிறகு கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, காரணம் தெரியாத காய்ச்சல், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவரிடம் போவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் உட்கார்ந்து கேட்கும் வரை அது ஒரே நோய் என்று தெரியாது. கன்னத்தில் வரும் சிவந்த தடிப்பு அதன் அடையாளங்களில் ஒன்று. நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

இந்தப் பெண்களில் பலர் கேட்டுச் சலித்த பதில்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா.” “டென்ஷன்தான், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.” “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” “ஒரு குழந்தை பிறந்தா போயிடும்.” நாற்பதைத் தாண்டியவர் என்றால், “வயசானா வர்றதுதானே.” எதையாவது படித்துவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டால், “நீங்க டாக்டரா, நான் டாக்டரா?” சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவரை எழுப்பி அனுப்ப உதவும் சொற்களாக இவை ஆகிவிட்டன. கேட்பவரோ அதற்குப் பிறகு தன் வலியைத் தானே சந்தேகிக்கத் தொடங்குகிறார். அடுத்த மருத்துவரிடம் போகும்போது பாதியை மறைக்கிறார். மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பாதி மறைக்கப்பட்ட கதையிலிருந்து சரியான நோய் கண்டுபிடிக்கப்படுவதில்லை.

பரிசோதனைச் சீட்டு மட்டும் பேசினால் போதாது என்பதை மருத்துவமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது ‘ஆர்.ஏ. ஃபாக்டர்’ இரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்றே காட்டும். ஃபைப்ரோமயால்ஜியா என்ற நெடுநாள் வலி நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை எதுவுமே கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, இங்கே கேட்பது மருத்துவரின் பெருந்தன்மை இல்லை, நோயறியும் முறையே அதுதான். காலமும் காத்திருப்பதில்லை. மூட்டு வீக்கம் தொடங்கிய 6 வாரத்துக்குள் மூட்டுநோய் நிபுணர் பார்த்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு பரிந்துரைக்கிறது. முதல் சில மாதங்களில் சரியான மருந்து தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். தாமதித்தால் வளைந்த விரல்கள் திரும்ப நிமிர்வதில்லை. “டென்ஷன்தான்” என்று சொல்லி அனுப்பிய ஓராண்டுக்கு விலை அந்த விரல்கள்.

நேரம் எவ்வளவு கிடைக்கிறது? 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் ‘பிஎம்ஜே ஓபன்’ இதழில் வெளிவந்த ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம். சளிக் காய்ச்சலுக்கு 2 நிமிடம் போதுமானதாக இருக்கலாம். பத்து ஆண்டு நோய், ஏழு மாத்திரை, இரண்டு பழைய ஸ்கேன், ஒரு புதிய பக்கவிளைவு ஆகியவற்றோடு வருபவருக்கு அந்த நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து ஃபைலை எடுப்பதற்கே சரியாக இருக்கும்.

அந்த ஃபைலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்டநாள் நோயாளியின் முழு மருத்துவ வரலாறும் பெரும்பாலும் ஒரு துணிக்கடைப் பையில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் அதே யூனிட்டில் வேறொரு இளம் மருத்துவர் இருப்பார். முதலிலிருந்து சொல்ல வேண்டும். தனியாரில் ஊர் மாறினால், மருத்துவர் மாறினால், எடுத்த பரிசோதனையையே மறுபடி எடுக்க வேண்டும். சட்டமும் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் மருத்துவப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன, கேட்டால் 72 மணி நேரத்தில் தரச் சொல்கின்றன. ஆனால் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டிய கடமை உள்நோயாளிகளின் பதிவுகளுக்குத்தான். முடக்குவாதக்காரர் வாழ்நாள் முழுதும் புறநோயாளி. காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே உதவுகிறது. மாதாமாதம் மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் பட்டியலிட்ட 21 நிலைகளில் தசைச்சிதைவு நோயும் பார்கின்சனும் பெயரோடு உண்டு, லூபஸ் இல்லை. படுக்கையில் இருப்பவரை மட்டுமே நோயாளியாகப் பார்க்கப் பழகிய அமைப்பு இது. நடந்து வந்து நடந்து போகிறவர் அதன் கண்ணில் படுவதில்லை.

இதன் ஆபத்து வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் தரப்படும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். அதை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அப்படிப் போன உயிர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாரத்தில் எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேலே தமிழில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் மருத்துவரிடமும் இல்லை, மருந்து வழங்கும் ஜன்னலிலும் இல்லை. ஸ்டீராய்டின் கதையும் இதுதான். வலி சட்டென்று விடுவதால் பழைய சீட்டை வைத்தே மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்குகிறார்கள். முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது. பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல ஆளில்லாத இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கலவை எழுதாத ஒரு பொட்டலப் பொடியை விற்பவர் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கிறார், எத்தனை வருஷமாக வலி என்று கேட்கிறார், முக்கால் மணி நேரம் பேசுகிறார். இப்படி விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஏமாந்தவரைப் பார்த்துப் படிக்காதவர் என்று சொல்வது எளிது. படித்தவர்களும் போகிறார்கள். தன் பேச்சைக் கேட்ட முதல் மனிதரை அவர்கள் நம்பிவிட்டார்கள்.

மருத்துவர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவரைப் பார்த்துவிட்டு வார்டுக்கும் ஓட வேண்டியவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அங்கே சிகிச்சை பெற்ற பெண்ணின் மகன் கத்தியால் குத்தினார். அந்தச் செயலுக்கு எந்த விளக்கமும் நியாயம் ஆகாது. மருத்துவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் நோயாளிக்கு விளக்கம் வேண்டும் என்பதும் எதிரெதிர்க் கோரிக்கைகள் இல்லை. நேரம் ஒதுக்கப்பட்ட இடத்தில் இரு தரப்புக்கும் இறுக்கம் குறையும். மருத்துவப் படிப்பில் நோயாளியோடு பேசும் முறை 2019 முதல் பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வகுப்பில் படித்ததை மாணவர் புறநோயாளிப் பிரிவில் பார்க்க வேண்டுமே! மூத்தவர் தலை நிமிராமல் சீட்டு எழுதுவதைத்தான் அவர் பார்க்கிறார், அதையே கற்கிறார்.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. இந்த மாநிலம் ஏற்கெனவே ஒரு முறை இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை நாட்டின் முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. அந்த மையங்களில் மருத்துவர் மட்டும் இல்லை. ஆலோசகர் இருக்கிறார். நோயாளியின் வரலாறு மையத்தில் ஒரு அட்டையிலும் அவர் கையில் ஒரு சிறு புத்தகத்திலும் இருக்கிறது. மருந்து வாங்க வராவிட்டால் தேடிப் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் சாவுத் தீர்ப்பாகப் பார்க்கப்பட்ட நோயோடு மக்கள் இன்று வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள் என்றால், மாத்திரையோடு இந்த ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுகூடிக் குரல் கொடுத்ததும், ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் தங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னதும் அதற்குப் பின்னால் இருந்த பலம்.

அடுத்த அடியும் எடுத்துவைக்கப்பட்டது. 2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி எடுக்கப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8 சதவீதம். அந்த நிலையில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் வீட்டுக்கு வரும் பணியாளர் மாத்திரை தருவார், அழுத்தம் பார்ப்பார், “இந்த மாத்திரை சாப்பிட்டதிலிருந்து குமட்டுது, நிறுத்தலாமா?” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அதோடு இத்திட்டம் முதன்மையாகச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் மனதில் வைத்து வகுக்கப்பட்டது. லூபஸும் முடக்குவாதமும் எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் கருப்பை உட்படல நோயும் அதன் கதவுக்கு வெளியே நிற்கின்றன.

ருமட்டாலஜி எனப்படும் மூட்டுநோய் மருத்துவத்தை இந்தியாவில் தனித்துறையாக வளர்த்த முன்னோடி இடங்களில் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒன்று. மாற்றத்தைத் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவின் கூட்டம் பெரும்பாலும் மதியத்தோடு வடிந்துவிடுகிறது. அந்தப் பிற்பகல்களை நீண்டநாள் நோயாளிகளுக்கு முன்பதிவு செய்து கொடுக்கலாம். முதல் முறை வருபவருக்கு அரை மணி நேரம், தொடர்ந்து வருபவருக்குப் பத்து நிமிடம், முடிந்தவரை அதே மருத்துவர். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் அமர்ந்து மாத்திரைகளைக் கிழமை வாரியாக விளக்க வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு நிபுணர் பணியிடங்களும் ஆலோசகர் பணியிடங்களும் புதிதாக வேண்டும். இருக்கும் மருத்துவர்களின் தோளில் இன்னொரு சுமையாக ஏற்றினால் இரண்டே மாதத்தில் பலகை மட்டும் மிஞ்சும். புறநோயாளிகளின் பதிவுகளையும் பாதுகாத்துத் தர வேண்டும் என்று மாநிலத்தின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை விதிகளில் சேர்க்க வேண்டும். அது தனியாரையும் கட்டுப்படுத்தும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளி உரிமை சாசனத்தில் விளக்கம் பெறும் உரிமையும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் எழுத்தில் இருக்கின்றன. அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மருத்துவமனையின் சீட்டு எழுதும் இடத்திலும் ஒட்டுவதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

காப்பீட்டையும் திருத்தியாக வேண்டும். தொடக்கத்திலேயே மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் உதவினால், பின்னாளில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் அதே காப்பீடு கொடுக்க வேண்டிய பெருந்தொகை குறையும். நிதித் துறை கேட்கும் கணக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நடக்கும் வரை நோயாளிகள் காத்திருக்க முடியாது. சிலர் தாங்களாகவே வழி கண்டிருக்கிறார்கள். என்று வலித்தது, எவ்வளவு நேரம் இறுக்கம், எந்த மாத்திரைக்குப் பிறகு என்ன என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது மிக முக்கியமான மூன்று கேள்விகளை மேல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகிறார்கள், கூட ஒருவரை அழைத்துப் போகிறார்கள். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்து அடுத்த மூன்று நாள் படுத்துவிடாமல், வேலையைப் பிரித்துச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கூடச் செல்லும் அந்த ஒருவர் கணவராகவோ மகனாகவோ இருந்தால் இன்னும் நல்லது. “நேற்று இவளால் டம்ளரைத் தூக்க முடியவில்லை, நான் பார்த்தேன்” என்று அவர் சொல்வதை மருத்துவர் எழுதிக்கொள்கிறார். அந்தப் பெண் சொன்னபோதே எழுதியிருக்க வேண்டும். அரசாணையும் பயிற்சியும் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். வரும் நிதிநிலை அறிக்கையில் இந்தப் பிற்பகல் புறநோயாளிப் பிரிவுகளுக்கான பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையை வலியுறுத்துகிறோம்.