முகவரியும் பள்ளியும் சாதி சொல்லும்போது: தன்விவரக் குறிப்பில் எதை எழுதுவது, எதை விடுவது?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் தாம்பரத்தில் இறுதியாண்டு படிக்கும் மாணவரின் தன்விவரக் குறிப்பில் பெயரும் தலைப்பெழுத்தும் மட்டுமே இருக்கின்றன. வடநாட்டில் போலக் குடும்பப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் சாதியைப் படிக்க இங்கே வழியில்லை. ஆனால் படிக்க விரும்புகிறவருக்கு அது ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை. பெயருக்குக் கீழே முகவரி இருக்கிறது. அதற்குக் கீழே பள்ளியின் பெயர், பயிற்றுமொழி, விடுதி, உதவித்தொகை, தந்தையின் தொழில்.

வளாக நேர்காணல் பருவம் வந்துவிட்டால் கல்லூரிகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகள் ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன: ஒரு பக்கத்துக்குள் அடக்கு, தேவையற்றதை வெட்டு. நல்ல அறிவுரைதான். ஆனால் எது தேவையற்றது என்று முடிவு செய்யும் இடத்தில் தலித் மாணவரின் கத்தரிக்கோல் மற்றவர்களுடையதைவிட அதிகமாக வேலை செய்கிறது. வகுப்புத் தோழர் இரண்டு வரியை நீக்கும்போது, இவர் தம் பள்ளியையும் தெருவையும் சேர்த்து நீக்குகிறார். இதை மாணவரின் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய போலி விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அந்த வடநாட்டுக் கதை நமக்குப் பொருந்தாது என்று ஆறுதல் கொள்வோருக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. சஹ்ரா சித்திக் இந்நகரில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதே எண்ணிக்கையில் அழைப்பு பெற ஒடுக்கப்பட்ட சாதி விண்ணப்பதாரர் 20 விழுக்காடு அதிகமான விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவர் 100 அனுப்பினால் மற்றவர் 120. இந்த இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சிறிய அளவில் தொழில் நடத்தும் நிறுவனங்கள் உயர்சாதி விண்ணப்பதாரரை விரும்பின. பெரிய நிறுவனங்களிலோ நிலை நேர்மாறு. ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடி மாளிகைகளைக் கண்டு மிரளும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. கதவு மூடப்படுவது பெரும்பாலும் அங்கே அல்ல. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில், முதலாளியே நேரில் ஆள் எடுக்கும் இடத்தில்.

பெயரிலேயே சாதி தெரியாத நம் ஊரில் முகவரி அந்த வேலையைச் செய்கிறது. 2000 முதல் நகரின் மையப் பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குகளில் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். மென்பொருள் வழித்தடத்துக்கு மிக அருகே வாழ்ந்தும், கண்ணகி நகர் என்று எழுதியதாலேயே வேலை கைநழுவியது என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதனால் துரைப்பாக்கம் என்றோ சோழிங்கநல்லூர் என்றோ எழுதிவிடுகிறார்கள். இதில் பொய் எதுவுமில்லை. அஞ்சல் குறியீட்டெண் சரியாக இருந்தால் போதும். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பில் பகுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தாராளமாகப் போதுமானவை. கதவு எண்ணும் தெருவும் பணி உறுதியான பிறகு கேட்கப்பட வேண்டியவை. எனவே முகவரியைச் சுருக்குவதில் எவரும் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் கண்ணகி நகர் என்ற பெயரில் காலனி என்ற சொல் எப்போதுமே இருந்ததில்லை. சிலப்பதிகாரத்து நாயகியின் பெயர் இருபது ஆண்டுகளுக்குள் வசைச் சொல்லாக்கப்பட்டது என்றால், கோளாறு சொல்லில் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த வீராங்கனை ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே தமிழ்நாடெங்கும் அறியப்பட்டார். அந்த முகவரி ஒரு தகுதியாக மாற ஒரு தங்கப் பதக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

பள்ளியின் பெயரை மறைப்பது இன்னும் கடினம். அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப்பள்ளி என்ற பெயர், படித்தவரின் சாதியைப் பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறது. நாங்குநேரி மாணவர் மீதான தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து இத்தகைய சாதி அடையாளங்களை நீக்குமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் விடுதிகள் ‘சமூக நீதி விடுதி’களாகப் பெயர் மாறின. பட்டம் பெற்றவர் தனியார் வேலைக்கான குறிப்பில் பள்ளியின் பெயரை முழுமையாக எழுத வேண்டும் என்று விதி ஏதுமில்லை. ‘மேல்நிலைத் தேர்வு, தமிழ்நாடு மாநில வாரியம்’ என்பதும் மதிப்பெண்ணும் ஆண்டும் போதும்.

தமிழ்வழிக் கல்வி என்ற வரியின் கதை வேறு. தனியார் எச்.ஆர். மேசையில் அது குறை. ஆங்கிலம் வராது என்று பொருள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மேசையிலோ அதற்கு 20 விழுக்காடு முன்னுரிமை. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் பள்ளிக் காலத்திலிருந்தே தமிழில் படித்தவருக்கே உரியது. ஒரே வரி ஒரு மேசையில் வெட்டப்பட வேண்டியதாகவும் மற்றொன்றில் ஆளைத் தூக்கி நிறுத்துவதாகவும் இருக்கிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தனியாருக்காகச் செய்த அதே குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அரசு விண்ணப்பத்தையும் நிரப்புகிறார்கள். வெட்டிப் பழகிய கை அங்கேயும் வெட்டுகிறது.

அரசு வேலைக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் விதி நேர் எதிரானது: உரிமையுள்ள எதையும் விடக் கூடாது. சாதிச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை அறிவிக்கை வருமுன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்; விண்ணப்பத்தில் கோராததைப் பின்னர் கோருவது பெரும்பாலும் இயலாது. பட்டியல் சாதி என்று குறித்துவிட்டால் 18 விழுக்காட்டுக்குள் அடைக்கப்பட்டுவிடுவோம் என்று அஞ்சும் பெற்றோர் இன்றும் உண்டு. அப்படியில்லை. பொறியியல் கலந்தாய்வில் 31 விழுக்காட்டுப் பொதுப் பிரிவு எல்லாருக்கும் உரியது. மதிப்பெண் இருந்தால் அந்த இடமே கிடைக்கும். பொது என்றால் பிறருடையது என்ற எண்ணத்தை நம் வீடுகளிலிருந்தே நாம் இன்னும் முழுமையாக விரட்டவில்லை.

ஒன்றிய அரசுப் பணிகளில் மட்டும் ஒரு நுட்பம் இருக்கிறது. வயது வரம்பு, கல்வித் தகுதி, அனுபவம், தேர்வு எழுதும் முறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் தளர்வைப் பயன்படுத்தியவரை ஒதுக்கீடற்ற இடத்துக்குக் கருதக் கூடாது என்பது 1998-ஆம் ஆண்டு அலுவலகக் குறிப்பாணை. தீபா ஈ.வி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் இதை உறுதி செய்தது. தேர்வுக் கட்டண விலக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கட்டண விலக்கைக் கோர அஞ்ச வேண்டாம். பொது வயது வரம்பு கடப்பதற்குள் எழுதுகிறவருக்கு இரு கதவுகளும் திறந்தே இருக்கும். ‘வயதுத் தளர்வு இருக்கிறதே’ என்று தள்ளிப்போடுகிறவர் ஒரு கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார்.

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளின் தலித் கிறித்தவக் குடும்பங்களுக்கு இந்தப் படிவங்கள் மேலும் சிக்கலானவை. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. மதம் மாறிய ஆதிதிராவிடர் இங்கே பிற்படுத்தப்பட்டோர். ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கூறுவதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் புதுச்சேரியின் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவுகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. ஞாயிறு பள்ளியில் ஆண்டுக்கணக்கில் சிறுவர்களுக்குக் கற்பித்த மாணவி, அந்த அனுபவத்தை எந்தக் குறிப்பிலும் எழுதத் துணிவதில்லை. சேரியில் தீண்டாமை மதம் பார்த்து வருவதில்லை. படிவம் மட்டும் மதம் கேட்கிறது.

வெட்டக் கூடாதவற்றையும் வெட்டுகிறார்கள் என்பதே இதில் பெரிய இழப்பு. உறவினரின் அலுவலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அதைப் பயிற்சிப் பணி என்று தலைப்பிட்டு எழுதுகிறார். திருமண மண்டபங்களில் இரவு முழுவதும் பந்தி பரிமாறியவர், மூன்றாண்டுகள் உணவு விநியோகம் செய்து கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர், அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விடுகிறார். ‘படிப்புடன் வாரம் இத்தனை மணி நேரப் பணி, மூன்றாண்டுகள்’ என்று எழுதினால் அதைவிட நம்பகத்தன்மைக்குச் சான்று எது? தெருவில் மாலை வகுப்பு நடத்தியவர், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆண்டுகள், என்ன பாடம் என்று எண்களோடு எழுத வேண்டும். அந்த வகுப்பு அம்பேத்கர் பெயரில் நடந்தது என்றால் பெயரை எழுதுவதா என்பது அந்த மாணவரின் முடிவு. முதல் சம்பளத்தை ஒரு குடும்பமே எதிர்பார்த்திருக்கும் 21 வயதுப் பிள்ளையிடம், ஒரு தாளில் தியாகம் செய் என்று இயக்கம் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. பெயரை விட்டாலும் வேலையை விட வேண்டாம்.

குறிப்பைத் தாண்டி நேர்காணலுக்குப் போனாலும் கேள்வி தொடர்கிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் நடத்திய ஆய்வு, ‘குடும்பப் பின்னணி’ என்ற பெயரில் சாதி எப்படி விசாரிக்கப்படுகிறது என்பதைக் காட்டியது. மும்பை ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கியின் மரணத்துக்குப் பின், 2023-இல், மாணவர்கள் ஒருவருக்கொருவர் நுழைவுத் தேர்வுத் தரவரிசையைக் கேட்பது தகாது என்று நிர்வாகமே வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. எண்ணைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்பதை ஓர் உயர்கல்வி நிறுவனம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

சட்டம் முற்றிலும் மௌனமாக இல்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தொழிலிலும் வேலையிலும் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாகக் குறிப்பிடுகின்றன. ஆனால் வராத அழைப்புக்கு எதிராக எப்படிப் புகார் எழுதுவது? மறுப்புக் கடிதம்கூட வருவதில்லை. எனவேதான் எதை மறைப்பது என்ற சுமையை மாணவரின் தலையிலிருந்து இறக்கி, எதைக் கேட்பது என்ற கேள்வியாக அதை நிறுவனங்களின் முன் வைக்க வேண்டியிருக்கிறது. அதைத் தொடங்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகளின் பதிவுப் படிவங்களில் தந்தையின் தொழில், முழு முகவரி, சமூகப் பிரிவு, பள்ளியின் பெயர் ஆகிய கட்டங்கள் எங்கே இருந்தாலும், அவற்றை நிறுவனங்களுக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து நீக்க முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும். தென்சென்னைக் கல்லூரிகளின் மாணவர் அமைப்புகள் இந்தப் பருவத்தின் முதல் நேர்காணலுக்கு முன் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.